தினம் ஒரு மில்லிமீட்டர்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன் ஒருவன் எழுதுவது)



ஆண்டு மலர் என்றால் இரண்டு கவிதை, நாலு கடி ஜோக்கு, ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு, இதெல்லாம் இருந்தே ஆகவேண்டும். இந்த வருஷம் வாழ்க்கை வரலாறு என் தலையில் விழுந்தது. விஞ்ஞானியோ, தலைவரோ, யாரை வேண்டுமானாலும் எழுது என்று சொல்லிவிட்டு யூனியன் நண்பர்கள் போய்விட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. எழுதினால் இந்த ஒருவரைத்தான் எழுத வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவர் பெயர் வலேரி புரூமெல். உயரம் தாண்டும் வீரர். ரஷ்யாவில் பிறந்து, சோவியத் யூனியனுக்காகப் போட்டியிட்டவர். 2003-ல் காலமாகிவிட்டார். நம்மில் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. எனக்கும்தான் தெரியாது, காலை உடைத்துக்கொள்ளும் வரைக்கும்!

என் கதையை நாலு வரியில் முடித்துவிடுகிறேன். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று நண்பன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். மழை. வண்டி வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. முதல் ஆபரேஷனில் எலும்பு கூடவில்லை, சீழ் வைத்துவிட்டது. கடைசியில் காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டினார்கள். அதோடு ஏழு மாதம். என் செட் பசங்க எல்லாம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருக்க, நான் கட்டிலில் படுத்தபடி நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நட்டுதான்! அந்த வளையங்களில் நட்டு, திருகு கம்பி எல்லாம் இருக்கும். தினமும் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் சுற்று. எப்படித் திருப்புவது என்று கற்றுக்கொடுத்த இளம் டாக்டர், இந்தக் கருவியை உலகத்துக்குத் தெரியவைத்தது ஓர் உயரம் தாண்டும் வீரரின் கால் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கையில் போன் இருந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் புரூமெல் எனக்கு அறிமுகமானார்.

இனி அவர் கதை.

பன்னிரண்டு வயதுப் பையன்

இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். 1942 ஏப்ரல் 14 அன்று, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் இருக்கும் அமூர் பிரதேசத்தில் புரூமெல் பிறந்தார். சீனாவின் எல்லையை ஒட்டிய குளிர்ப் பிரதேசம் அது. பூமிக்கு அடியில் என்ன கனிமம் இருக்கிறது என்று தேடுகிற நிலவியல் வேலை செய்த குடும்பம். பிறகு அங்கிருந்து புறப்பட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே, உக்ரைனில் உள்ள லுகான்ஸ்க் நகரத்துக்கு வந்து குடியேறினார்கள். அது நிலக்கரிச் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர்.

அந்த ஊரில்தான் 12-வது வயதில் பையன் உயரம் தாண்ட ஆரம்பித்தான். 16 வயதில் 2 மீட்டர் தாண்டிவிட்டான். 2 மீட்டர் என்றால் ஆறரை அடிக்கும் மேலே. பிளஸ் ஒன் படிக்கிற வயசு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

அப்புறம் மாஸ்கோவில் விளாதிமிர் தியாச்கோவ் என்ற கோச்சிடம் சேர்ந்தார். தியாச்கோவ் சாதாரண கோச் இல்லை. தாண்டுதலைப் பற்றி ஆராய்ச்சியும் செய்தவர். எத்தனை வேகத்தில் ஓடி வரவேண்டும், கடைசி அடி எப்படி விழவேண்டும், எந்தத் தசைக்கு எவ்வளவு பலம் தேவை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறவர். நம்ம பாஷையில் சொன்னால், மெஷினைக் கழற்றி ஒவ்வொரு பாகத்தையும் மேசையில் வைத்துப் பார்க்கிற ஆள்.

தாண்டுவது எப்படி?

அப்போது வழக்கத்தில் இருந்த முறைக்கு ஸ்ட்ராடில் என்று பெயர். இன்று நாம் டிவியில் பார்க்கிறோமே, முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக விழுவது, அது அப்போது இல்லை. ஸ்ட்ராடிலில் பக்கவாட்டிலிருந்து ஓடி வரவேண்டும். கம்புக்குப் பக்கத்தில் இருக்கும் காலை ஊன்றி எழும்பி, மற்ற காலை நேராக வானத்தைப் பார்த்து வீசவேண்டும். வயிறு கம்பைப் பார்த்திருக்க, உடம்பு அப்படியே கம்பின் மேல் உருண்டு இறங்கும். விழுகிற இடத்தில் இன்றைக்கு இருக்கும் கனத்த மெத்தையும் பல மைதானங்களில் கிடையாது. மணல் குழிதான்.

புரூமெலின் ரகசியம் ஓட்டத்தில் இருந்தது. அவருக்கு முந்தைய வீரர்கள் பலர் மெதுவாக வந்து, கடைசியில் மட்டும் பலத்தைக் காட்டுவார்கள். இவர் ஓட்டப் பந்தயக்காரர் மாதிரி வேகமாக வருவார். வேகத்தோடு வந்தால் மட்டும் போதாது, அந்த முன்னோக்கிய வேகத்தை ஒரே அடியில் மேல்நோக்கித் திருப்ப வேண்டும். நமக்கெல்லாம் தெரிந்த கணக்குதான். உடம்பின் புவியீர்ப்பு மையத்தை இன்னும் 1 மீட்டர் மேலே தூக்க, தரையை விட்டுக் கிளம்பும்போது மேல்நோக்கிய வேகம் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் இருக்கவேண்டும். அவ்வளவு வேகத்தையும் திருப்பிவிடுகிற சுமை முழுதும் ஒரே ஒரு காலில், ஒரு நொடிக்குள் விழும். சாதாரண கால் மடங்கிவிடும். அதனால்தான் தியாச்கோவ் அவரைப் பளு தூக்க வைத்தார். உயரம் தாண்டுபவன் எதற்குப் பார்பெல் தூக்கவேண்டும் என்று பலர் நினைத்த காலம் அது.

புரூமெலின் உயரம் 1.85 மீட்டர்தான். இந்தப் போட்டிக்கு அது ஒன்றும் பெரிய உயரமில்லை.

ரோம், 1960

அந்த வருஷம் உயரம் தாண்டுதல் என்றாலே ஒரு பெயர்தான். அமெரிக்காவின் ஜான் தாமஸ். வயது 19. 1959-ல் உள்ளரங்கில் 7 அடியைத் தாண்டிய முதல் ஆள். அதே வருஷம் லிஃப்டில் பாதம் மாட்டி நசுங்கி, இனிமேல் தாண்டுவாரா என்று எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் 1960 ஜூலையில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் 2.22 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்தார். ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் அவருக்குத்தான் என்று எல்லோரும் எழுதியே வைத்துவிட்டார்கள்.

நடந்தது வேறு! செப்டம்பர் 1 அன்று ஜார்ஜியாவைச் சேர்ந்த சோவியத் வீரர் ராபர்ட் ஷவ்லகாட்சே 2.16 தாண்டித் தங்கம் வாங்கினார். அதே 2.16 தாண்டிய 18 வயது புரூமெலுக்கு வெள்ளி. தாமஸ் 2.14-ல் நின்று வெண்கலத்தோடு திரும்பினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1957-ல், யூரி ஸ்டெபானோவ் என்ற சோவியத் வீரர் 2.16 தாண்டி உலக சாதனை செய்தார். ஆனால் அவர் ஊன்று காலில் போட்டிருந்த ஷூவின் அடிப்பாகம் தடிமனாக இருந்தது என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. ஷூவின் அடித் தடிமனுக்கு அதன்பிறகு வரம்பு கொண்டுவந்தார்கள். சோவியத் வீரர்கள் ஷூவால் தாண்டுகிறார்கள் என்ற கேலிப் பேச்சுக்கு யாராவது பதில் சொல்லவேண்டியிருந்தது. புரூமெல் சொன்னார், காலாலேயே!

ஆறு சென்டிமீட்டர்

அடுத்த மூன்று வருஷத்தை நான் ஒரு பட்டியலாகவே தருகிறேன். ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படியுங்கள்.

1961 ஜூன் 18, மாஸ்கோ: 2.23 மீட்டர்.
1961 ஜூலை 16, மாஸ்கோ: 2.24 மீட்டர்.
1961 ஆகஸ்ட் 31, சோஃபியா: 2.25 மீட்டர்.
1962 ஜூலை 22, பாலோ ஆல்ட்டோ: 2.26 மீட்டர்.
1962 செப்டம்பர் 29, மாஸ்கோ: 2.27 மீட்டர்.
1963 ஜூலை 21, மாஸ்கோ: 2.28 மீட்டர்.

ஆறும் உலக சாதனை. ஆறிலும் ஏறியது ஒவ்வொரு சென்டிமீட்டர்தான்! ஒரே தடவையில் கம்பை மேலே தூக்கி வைத்து உலகத்தை மயக்கவில்லை. ஒரு சென்டிமீட்டர், அப்புறம் இன்னொரு சென்டிமீட்டர். நம்ம விரல் அகலம்கூட இல்லாத ஓர் அளவு. அதற்காக இரண்டு வருஷத்துக்கு மேல் உழைப்பு.

இதில் நாலாவது வரியைக் கவனித்தீர்களா? பாலோ ஆல்ட்டோ! தாமஸ் 2.22 தாண்டிய அதே ஊர். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் மோதிய போட்டி. சுமார் 80,000 பேர் கூடியிருந்தார்கள். இரண்டு நாடுகளும் அணுகுண்டைக் காட்டி ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே போய், எதிராளியின் சொந்த மண்ணில் ஒரு ரஷ்யன் உலக சாதனை செய்தால் கூட்டம் என்ன செய்யும்? எழுந்து நின்று கை தட்டியது. விளையாட்டின் பெருமை அதுதான் நண்பர்களே!

கடைசி வரியில் இருக்கும் 2.28-க்கும் ஒரு சரித்திரம் உண்டு. அன்று மாஸ்கோ லெனின் ஸ்டேடியத்தில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அமெரிக்கத் தூதுக்குழுத் தலைவர் ஹாரிமன். அணு ஆயுதச் சோதனைகளைக் குறைக்கும் ஒப்பந்தம் பேச வந்தவர். அந்த இரண்டு பேர் கண்ணெதிரேதான் புரூமெல் 2.28 தாண்டினார். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 5-ல் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது.

2.28 மீட்டர் எவ்வளவு என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். ஏழரை அடிக்குக் கால் அங்குலம் குறைவு. நம் ஹாஸ்டல் அறைக் கதவு 7 அடி. அந்த நிலைச்சட்டத்துக்கும் மேலே அரை அடி கிட்ட! தன் உயரத்துக்கு மேல் 43 சென்டிமீட்டர். அந்தச் சாதனை ஏறக்குறைய எட்டு வருஷம் நின்றது. 1971 ஜூலை 3-ல்தான் அமெரிக்காவின் பாட் மாட்ஸ்டார்ஃப் 2.29 தாண்டி அதை முறியடித்தார்.

டோக்கியோ, 1964

டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகும்போது புரூமெல் பழைய வேகத்தில் இல்லை. அக்டோபர் 21 அன்று நடந்த இறுதிப் போட்டி அவருக்கும் தாமசுக்கும் நடுவில் இழுபறியாகப் போனது. இரண்டு பேரும் 2.18 தாண்டினார்கள். அதற்கு மேல் இரண்டு பேராலும் முடியவில்லை. தவறிய முயற்சிகள் யாருக்குக் குறைவு என்று பார்த்துத் தங்கத்தைப் புரூமெலுக்குக் கொடுத்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ரோமில் கைநழுவியது டோக்கியோவில் கைக்கு வந்தது. வயது 22.

இதற்குள் புரூமெலும் தாமசும் நண்பர்களாகிவிட்டார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குச் சரியாகப் புரியாது. ஆனால் கம்புக்கு முன்னால் தனியாக நிற்கிற பயம் எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைவிட வேறென்ன பாஷை வேண்டும்?

அந்த இரவு

1965 அக்டோபர் மாதத் தொடக்கம். மாஸ்கோவில் ஈரமான சாலை. புரூமெல் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். வண்டி வழுக்கியது.

இந்த இடத்தைப் படித்தபோது நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்து போனது, ஈரச் சாலை, வழுக்கியது... எல்லாம் எனக்கு நடந்த மாதிரியே! ஒரே ஒரு வித்தியாசம். உடைந்தது உலகத்தில் யாரும் எழும்பாத உயரத்துக்கு எழும்பின கால்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி வெளியே வந்திருந்தது. காலையே எடுக்கவேண்டி வருமோ என்ற நிலை. டாக்டர்கள் போராடிக் காலைக் காப்பாற்றினார்கள். ஆனால் காப்பாற்றிய கால் நடக்கிற காலாக இல்லை. எலும்பு கூடவில்லை. எலும்புக்குள் சீழ் பிடித்தது. ஓர் ஆபரேஷன், இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. அடிபட்ட கால் மற்றக் காலைவிடக் குட்டையாகிவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் எழுந்து நிற்க முடியாது. கிட்டத்தட்ட மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

நேற்று வரை தோளில் தூக்கிக் கொண்டாடிய கூட்டம் நாளாக நாளாகக் கரைந்துவிடும். இது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஆனால் ஒருவர் மறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஜான் தாமஸ் ஆறுதல் செய்தி அனுப்பினார். 1959-ல் தன் பாதம் நசுங்கிப் படுத்துக் கிடந்தவர் அல்லவா? காலை நம்பி வாழ்கிறவனுக்குக் கால் போனால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்! தோற்கடித்தவன் விழுந்து கிடக்கும்போது, தோற்றவன் கை நீட்டினான். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

குர்கான் டாக்டர்

மாஸ்கோவிலிருந்து கிழக்கே சுமார் 2,000 கிலோமீட்டர். மேற்கு சைபீரியாவில் குர்கான் என்று ஒரு ஊர். அங்கே கவ்ரீல் இலிசரோவ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1921-ல் பிறந்தவர். காக்கசஸ் மலைப்பகுதியில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். போர்க்காலத்தில் டாக்டருக்குப் படித்து முடித்து, குர்கான் வட்டாரத்தில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார். போரில் காலும் கையும் உடைந்து திரும்பியவர்களைத்தான் தினமும் பார்க்கவேண்டியிருந்தது. மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டும் கூடாத எலும்புகள்.

1950-களின் தொடக்கத்தில் அவர் ஒரு கருவி செய்தார். இதை நாம், அதாவது மெக்கானிக்கல் பசங்க, கொஞ்சம் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். காலைச் சுற்றி உலோக வளையங்கள். வளையத்தின் ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய கம்பி கிளம்பி, தோலையும் எலும்பையும் துளைத்து மறுபக்கம் வந்து வளையத்திலேயே மாட்டும். குறுக்கும் நெடுக்குமாக இப்படிப் பல கம்பிகள். அதை விறைப்பாக முறுக்குவார்கள். சைக்கிள் சக்கரம் ஞாபகம் வருகிறதா? போக்ஸ் கம்பி ஒவ்வொன்றும் ஒல்லிதான். ஆனால் எல்லாம் சேர்ந்து இழுபட்டு நிற்கும்போது இரண்டு பேரைச் சுமக்கும். அதே தத்துவம்! ஆரம்பத்தில் நிஜமாகவே சைக்கிள் போக்ஸ் கம்பியை வைத்துத்தான் செய்து பார்த்தார் என்று சொல்வதும் உண்டு.

மேல் வளையத்தையும் கீழ் வளையத்தையும் திருகு கம்பிகள் இணைக்கின்றன. நட்டை ஒரு பக்கம் திருப்பினால் எலும்புத் துண்டுகள் நெருங்கும். மறுபக்கம் திருப்பினால் விலகும். ஒரு நோயாளி நட்டைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டதாகவும், இடைவெளி விழுந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்திருந்ததைப் பார்த்து இலிசரோவ் அசந்துபோனதாகவும் ஒரு கதை இருக்கிறது. எப்படி வந்ததோ, அவர் கண்டுபிடித்த உண்மை பெரியது. எலும்பை மெதுவாக, ஒரே சீராக இழுத்தால், அந்த இடைவெளியில் உடம்பு புது எலும்பைக் கட்டிக்கொள்கிறது. எலும்போடு சேர்ந்து தசை, நரம்பு, ரத்தக்குழாய், தோல் எல்லாம் வளர்கின்றன.

எவ்வளவு மெதுவாக? நாளைக்கு 1 மில்லிமீட்டர்! அதையும் ஒரே தடவையில் இழுக்கக்கூடாது. நாலாகப் பிரித்து, கால் மில்லிமீட்டராக இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் எலும்பு பிடிக்காது. சோம்பல்பட்டால் முன்கூட்டியே இறுகிவிடும். என் காலில் இருந்த 6 மி.மீ. திருகு கம்பியின் பிட்ச் 1 மி.மீ. அதாவது நட்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1 மில்லிமீட்டர். கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். ஒர்க்‌ஷாப்பில் திரெட் வெட்டும்போது பிட்ச் என்ற வார்த்தையை எத்தனை தடவை எழுதியிருப்போம்! அது என் எலும்புக்குள் வந்து நிற்கும் என்று நினைக்கவே இல்லை.

ஆனால் பெரிய நகரங்களில் இருந்த பெரிய டாக்டர்கள் பல வருஷம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சைபீரியாவில் யாரோ ஒருவர் நட்டும் போல்ட்டும் வைத்து வைத்தியம் பார்க்கிறார் என்ற நினைப்பு. 1968-ல் எல்லா வழியும் அடைபட்டு நின்ற புரூமெல் அந்தக் குர்கானுக்குப் போனார். இலிசரோவ் அவர் காலில் வளையங்களை மாட்டினார். கூடாத எலும்பு கூடியது. குட்டையான கால் நீண்டது. சீழ் நின்றது.

அதே 1968 அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக் நடந்தது. டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்க இளைஞர் முதுகைக் காட்டித் தாண்டும் ஒரு புது முறையில் 2.24 தாண்டித் தங்கம் வாங்கினார். உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. புரூமெல் உயிரைக் கொடுத்துக் கற்ற ஸ்ட்ராடில் பழசாகிப் போக ஆரம்பித்த வருஷமும், அவர் திரும்பவும் காலை ஊன்றி நிற்கக் கற்ற வருஷமும் ஒன்றுதான்.

மறுபடியும் கம்புக்கு முன்னால்

கால் சரியானதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்! எடுத்துவிடலாமா என்று யோசித்த அந்தக் காலோடு, மறுபடியும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்.

இங்கே நான் உண்மையை மறைக்க விரும்பவில்லை. சினிமாவாக இருந்தால் அவர் மறுபடி ஒலிம்பிக் போய்த் தங்கம் வாங்குவார், நாம் விசில் அடித்துக்கொண்டு வெளியே வருவோம். வாழ்க்கையில் அது நடக்கவில்லை. பழைய உயரத்தை அவர் தொடவே இல்லை. 2.28-க்கும் அவருக்கும் நடுவில் இருந்த தூரம் குறையவில்லை. போட்டி வாழ்க்கை மெல்ல முடிந்தது.

முதல் தடவை படித்தபோது இந்த இடம் எனக்குக் கசந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டும் ஜெயிக்கவில்லையா என்று கோபம்கூட வந்தது. வளையத்தைக் கழற்றி, ஊன்றுகோல் இல்லாமல் பாத்ரூம் வரைக்கும் நானாக நடந்துபோன அன்றுதான் அதன் அர்த்தம் புரிந்தது. பத்தடி தூரம். அம்மா கதவோரம் நின்று அழுதாள். எனக்கு அது 2.28 மீட்டர்! பதினாறு வயதில் அவர் தாண்டிய 2 மீட்டர் வேறு. 1968-க்குப் பிறகு தாண்டிய 2 மீட்டர் வேறு. டேப்பை வைத்து அளந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

அதன்பிறகு புரூமெல் பேனாவை எடுத்தார். கதை, நாடகம் என்று எழுதினார். 1970-களில் வந்த ஒரு திரைப்படத்துக்குக் கதை வசனத்தில் பங்கு கொண்டார். விபத்தில் கால் உடைந்த ஓர் உயரம் தாண்டும் வீரரின் கதைதான் அது. 1979-ல் அலெக்சாந்தர் லாப்ஷின் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து ஒரு நாவல் எழுதினார். உனக்கு நீயே துரோகம் செய்யாதே என்று பொருள்படும் தலைப்பு. ஒரு தாண்டும் வீரர், ஓர் எலும்பு டாக்டர், ஒரு நாடக ஆசிரியர் என்று மூன்று பேர் கதை. அந்த டாக்டர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. தன்னை நிற்கவைத்தவருக்கு ஒரு வீரன் செலுத்திய நன்றிக்கடன் அது.

புரூமெலின் கால் இலிசரோவுக்கு என்ன செய்தது? நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது. 1970-ல் இசைமேதை ஷோஸ்டகோவிச் குர்கானுக்கு வைத்தியத்துக்கு வந்தார். 1971-ல் அந்த ஊரில் தனி ஆராய்ச்சி நிலையமே உருவானது. 1980-ல் இத்தாலிய மலையேறும் வீரர் கார்லோ மவுரி தன் பல வருஷக் கால் காயத்தோடு வந்து குணமாகித் திரும்பினார். அடுத்த வருஷம் இலிசரோவை இத்தாலிக்கே அழைத்துப் பேசச் சொன்னார்கள். அங்கிருந்து அந்த வளையம் உலகமெல்லாம் போனது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வரைக்கும், என் கால் வரைக்கும் வந்தது. இலிசரோவ் 1992-ல் மறைந்தார்.

புரூமெல் 2003 ஜனவரி 26-ல் மாஸ்கோவில் புற்றுநோயால் காலமானார். வயது 60. நாட்டின் பெரிய மனிதர்கள் உறங்கும் நோவோதெவிச்சி கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். ஜான் தாமஸ் பத்து வருஷம் கழித்து, 2013 ஜனவரியில் மறைந்தார்.

நிறைவாக...

நண்பர்களே, உயரம் தாண்டுதலில் ஒரு விசித்திரம் உண்டு. மற்றப் போட்டிகளில் ஜெயித்தவன் வெற்றியோடு முடிப்பான். இதில் உலக சாதனை செய்தவனும் பெரும்பாலும் கம்பை இன்னும் ஒரு படி ஏற்றி வைத்துத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவான். ஜெயித்த அன்றும் கடைசியாக நடப்பது ஒரு தோல்விதான்! அதற்காக யாரும் கம்பை ஏற்றாமல் இருப்பதில்லை.

நம்மில் எத்தனை பேர் அரியரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! லேட்டரல் என்ட்ரி கிடைக்குமா, வேலை கிடைக்குமா, கூடப் படித்தவன் சம்பளம் வாங்கிவிட்டானே என்று ராத்திரியில் விழித்திருக்கிறோம். எனக்கும் அந்த விழிப்பு உண்டு. என் செட் பசங்க போய்விட்டார்கள். ஜூனியர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறேன். ஆரம்பத்தில் அண்ணா என்று கூப்பிட்டவர்கள் இப்போது பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. காலில் லேசாகத் தாங்கல் இருக்கிறது. நம்ம கபடி டீமில் இனி நான் ஆட முடியாது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறேன்.

புரூமெல் ஏறியது சென்டிமீட்டர் சென்டிமீட்டராக. விழுந்தது ஒரே நொடியில். திரும்ப எழுந்தது மில்லிமீட்டர் மில்லிமீட்டராக. ஏறுவதற்கும் எழுவதற்கும் குறுக்கு வழி அவருக்கே இல்லை என்றால், நமக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

காலில் வளையம் இல்லாதவர்களும் தினம் நாலு தடவை, கால் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. பத்து நாளில் 1 சென்டிமீட்டர். அவ்வளவு உயரத்துக்குத்தான் உலக சாதனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

மீண்டும் அடுத்த மலரில் சந்திப்போம். நான் பாஸாகிப் போய்விட்டிருப்பேன், வேறு யாராவது எழுதுவார்கள். அதுவே என் ஆசையும்.